குரலுக்குக் கை கிடையாது

தெலுக் இந்தானில் மலை கிடையாது. ஆறு உண்டு, செம்பனை உண்டு, வருஷம் தவறாமல் வெள்ளம் உண்டு. கழுத்தை நிமிர்த்திப் பார்க்கும்படி எதுவும் கிடையாது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்த என்னை எழுபதாம் வருஷம் கட்டிக்கொண்டு வந்து, குனோங் ராபாட்டைத் தாண்டி, செங்குத்தான சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடிவைத்தார்கள். வந்த அன்றைக்கே பாறையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது எப்ப விழும்?" என்று கேட்டேன். என் வாய் பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

என் மாமியார் ராக்காயி சிரிக்கவில்லை. வாசல் தூணில் தொங்கிய பழைய ரப்பர் பால்வாளியை மோவாயால் காட்டி, "யாரையாச்சும் கூப்பிடணும்னா அதத் தட்டு செல்லாயி. நெழலு விழுந்தப்புறம் வாயத் தொறந்து பேரு சொல்லிக் கூப்பிடாத. உன் பேரு கேட்டாலும் பதில் சொல்லாத" என்றார். புது மருமகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டதுகூட அதற்கு அப்புறம்தான்.

தோட்டம் என்று பேர்தான் மிச்சம். நான் போனபோதே அதைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். பாதி மரத்தை வெட்டிவிட்டார்கள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடிப்பதும் நின்றுவிட்டது. ஆம்பளைகள் ஈப்போவுக்கும் ஜெலாப்பாங்குக்கும் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். பால் எடுக்க ஆளில்லை, ஆனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பால்வாளி தொங்கியது. பாறை மேற்கே இருந்ததால் எங்களுக்குச் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். நிழல் லயத்தின்மேல் விழுந்ததும் வாய்களெல்லாம் மூடிக்கொள்ளும், வாளிகள் பேச ஆரம்பிக்கும். மூன்று தட்டு தட்டினால் கூப்பிடுவது. கேட்டவர் தன் வாளியில் மூன்று தட்டி, வாரேன் என்று சொல்வது. பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதும் அப்படித்தான், புருஷனைச் சண்டைக்குக் கூப்பிடுவதும் அப்படித்தான். தகரக் கடைக்கு நடுவில் குடியிருப்பது போல் இருக்கும்.

இதற்கெல்லாம் காரணம் பாறையின் நடுவில், இரண்டு தென்னை உயரத்தில் இருந்த ஒரு பொந்து. அதற்குப் பதுங்குபாறை என்று பேர். அதன் கதையை முனிகோயில் பூசாரி பத்துமலை அண்ணன் கேட்காதவருக்கும் சொல்லுவார். வேலை நாளில் ஒரு ஃபேக்டரி வாசலில் காவல், மற்ற நேரத்தில் முனிக்குக் காவல் என்று இருந்த மனிதர்.

மலாக்காவில் ராஜா ஆண்ட காலமாம். அதற்கும் முந்தி என்று சொல்பவர்களும் உண்டு. கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும் கொள்ளைக்காரர்கள் கண்ணில் பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போய் அடிமையாக விற்றார்கள். படகு வருகிறது என்று தெரிந்தால் கரையோரத்துச் சனம் பிள்ளைகுட்டியோடு பிரம்பு ஏணியில் அந்தப் பொந்துக்கு ஏறிவிடும். ஏறியதும் ஏணியை மேலே இழுத்துக்கொள்ளும். கீழே நிற்பவனுக்கு மேலே ஆள் இருக்கிறதா என்றே தெரியாது. ஒரு தடவை கிழங்கு தோண்டப் போன ஒருத்தி அகப்பட்டுக்கொண்டாள். கழுத்தில் கத்தியை வைத்து, உன் மகனைக் கூப்பிடு என்றார்கள். கூப்பிட்டாள். அம்மா குரலாயிற்றே, மேலே இருந்த மகன் பதில் சொல்லிவிட்டான். விறகைக் குவித்துப் புகை போட்டார்கள். பொந்துக்குள் இருந்தவர்களில் ஒருத்தரும் உயிரோடு இறங்கவில்லை. அன்றைக்குக் கூப்பிட்ட அந்தக் குரல் பாறைக்குள்ளேயே தங்கிவிட்டதாம். நிழல் விழுந்ததும் அது தெரிந்தவர் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடும், பதில் சொன்னவன் மேலே போய்விடுவான், அப்புறம் திரும்ப மாட்டான்.

காடு வெட்டி ரப்பர் நட வந்த நம் ஆட்கள் இந்தக் கதையைப் பக்கத்து மலாய்க் கம்பத்துக் கிராமத்தாரிடம் கேட்டுவந்து, தங்கள் பங்குக்கு ஆலமரத்தடியில் ஒரு முனியை நட்டுவைத்தார்கள். கூப்பாட்டு முனி என்று பேரும் வைத்தார்கள். நமக்கு முனி இல்லாமல் ஓர் இடம் உண்டா? அதோடு ஒரு தந்திரமும் கண்டுபிடித்தார்கள். குரலுக்குக் கை கிடையாது. கூப்பிடுவது எதுவாகவும் இருக்கலாம், தட்டுவது மனுசன் மட்டும்தான். அதிலிருந்து வந்ததுதான் வாளி.

"முனிக்குக் காது கேக்குமா, இல்ல அதுக்கும் வாளி வாங்கிக் குடுக்கணுமா?" என்று பத்துமலை அண்ணனைக் கிண்டல் செய்வேன். "உனக்கு ஒரு நாளைக்குத் தெரியும் லா" என்பார். நானும் தட்டத்தான் செய்தேன். ஊரோடு ஒத்துப்போக வேண்டுமே. உள்ளுக்குள் சிரிப்புத்தான்.

மாமியார் முன்னால் மட்டும் சிரிக்க முடியாது. அந்தப் பொந்து அவருடைய புருஷனைக் கொண்டுபோன இடம். என் மாமனார் ராமையாவை நான் பார்த்ததில்லை, அவருடைய மகனே பார்த்ததில்லை. ஜப்பான்காரன் சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்தபோது அவர் அந்தப் பொந்தில்தான் ஒளிந்திருந்தார். யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். பிடித்துக்கொண்டு போனார்கள், சயாமிலிருந்து அவர் திரும்பவில்லை. என் புருஷன் அர்ச்சுனன் அப்போது வயிற்றில். காட்டிக்கொடுத்தது கங்காணி என்று சிலர் சொன்னார்கள், கடைக்காரன் என்று சிலர். மாமியாரைக் கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். லயத்திலேயே வாளி வழக்கத்தைக் கட்டிக்காத்தது மாமியார்தான். யாராவது பிள்ளை மறந்துபோய்க் கத்தினால் விளக்குமாற்றோடு வந்துவிடுவார். ஆனால் அவர் கையால் வாளியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. மகனைக் கூப்பிடவேண்டுமென்றால், "செல்லாயி, தட்டு" என்பார். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தாலும் எழுந்து வரவேண்டும். மாமியார் பவிசு என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

எழுபத்தேழில் குவாரிக்காரர்கள் பாறையின் மறுபக்கத்தை முடித்துவிட்டு எங்கள் பக்கம் வந்தார்கள். அர்ச்சுனன் அங்கேதான் துளை போடும் வேலையில் இருந்தார். முகமெல்லாம் வெள்ளையாக, ராஜபார்ட் வேஷம் கலைந்தவர் போல வீட்டுக்கு வருவார். ஒரு நாள் சோற்றில் கையை வைத்துக்கொண்டே, "நாளைக்குப் பதுங்குபாறை போவுது. சுத்தி தொள போட்டாச்சு" என்றார்.

மாமியார் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டி அப்படியே நின்றது.

"பொந்தோடயா?"

"பொந்தோடதான். மூஞ்சி முழுக்க எறங்கிரும். லயத்து ஆளுங்க எல்லாம் ரோட்டுக்கு அந்தாண்ட போயிரணும்."

மாமியார் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான்தான், "விடுங்க அத்தை, சனியன் ஒழியுது. இனிமே வாயத் தொறந்து கூப்பிடலாம்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

மறுநாள் மத்தியானம் குவாரி ஆட்கள் வந்து லயத்தைக் காலி செய்தார்கள். ஆளாளுக்கு மூட்டை, கோழி, சாமிப் படம் என்று தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனோம். மாமியார் முன்னாலேயே போய்விட்டார் என்று நினைத்தேன். அங்கே போய்ப் பார்த்தால் இல்லை. எங்கள் லயத்து வீரம்மாக்கா வீட்டு ஆட்களோடும் இல்லை. "சாப்பாட்டு நேரத்துல முனிகிட்ட சூடம் ஏத்திட்டு இருந்துச்சே" என்றார் பத்துமலை அண்ணன்.

ஓடினேன். யாரோ தடுத்தார்கள், தள்ளிவிட்டு ஓடினேன். ஆலமரத்தடியில் மாமியாரின் சிலிப்பர் ஜோடியாக இருந்தது. கோயிலுக்குள் போகிறவர் கழற்றி வைப்பது போல நேராக, ஒழுங்காக. அதன்மேல் வெற்றிலைப் பை. சூடம் எரிந்த கரி பக்கத்திலேயே இருந்தது. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் பொந்து நேர் மேலே.

துளை போடுகிறவர்கள் ஏறுவதற்கு மூங்கில் ஏணிகளை ஒன்றோடொன்று கட்டிப் பொந்து வரைக்கும் நிறுத்தியிருந்தார்கள். வெடிமருந்து அடைத்துவிட்டு அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஏணி நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. சாப்பிட்டு வந்து அதைக் கழற்றிக் கீழே படுக்கவைத்துவிட்டார்கள். ஐம்பத்து நாலு வயது என் மாமியாருக்கு. முப்பது வருஷம் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கிப் பால் வெட்டிய கால். அந்த ஏணி அவருக்கு ஒரு பொருட்டா?

குவாரி மேனேஜர் ஸ்கந்தராஜா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டையில் புழுதி படாமல் வேலை வாங்குகிறவர் என்று எங்கள் ஆட்கள் கேலி பேசுவார்கள், ஆனாலும் கெட்ட மனுசர் இல்லை. வெடி வைக்கிறவர்கள் ஒதுங்கும் கொட்டகையில் அவர் நின்றிருந்தார். அர்ச்சுனனும் அங்கே இருந்தார். நான் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னதும் அர்ச்சுனன் ஏணியைத் தூக்கப் போனார். மேனேஜர் அவர் கையைப் பிடித்தார்.

"பொறும் அர்ச்சுனன். நான் ஏணி கழட்ட முன்னம் பொந்தைப் பாத்தனான். ஒருத்தரும் இல்லை."

"உள்ள வளைஞ்சு போவுது சார். ஒளிஞ்சா தெரியாது" என்றார் அர்ச்சுனன்.

மேனேஜர் வானத்தைப் பார்த்தார். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மின்னல் பக்கத்தில் வந்துவிட்டால் பாறைக்குள் இருக்கும் மருந்து நம்மிடம் உத்தரவு கேட்காது, தானாகவே வெடித்துவிடும். இது குவாரி வேலைக்காரன் பெண்டாட்டியான எனக்கும் தெரியும்.

"அம்மா, நான் உங்களை நம்பேல்லை எண்டு சொல்லேல்லை" என்றார் என்னிடம். "செருப்பு கீழ கிடக்கு. ஆள் மேல இருக்கிறா எண்டதுக்கு அது மட்டும் காணாது. மருந்து வைச்ச பாறையில, மின்னல் வாற நேரத்தில, நான் இவரை ஏத்தி விட்டு இவருக்கு ஒண்டு நடந்தால்? மேல ஆள் இருக்கு எண்டு எனக்குத் தெரியவேணும். கூப்பிடுங்கோ. ஒரு சத்தம் வந்தாலும் நிப்பாட்டுறன்."

நியாயமான பேச்சுத்தான். அதுதான் என்னை அழவைத்தது.

அர்ச்சுனன் பாறைக்குக் கீழே போய், கையை வாயில் குவித்து, "அம்மா!" என்று கத்தினார். சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. மறுபடியும் கத்தினார். "அம்மா, நான்தாம்மா, அர்ச்சுனன்! ஒரு கொரலு குடும்மா!" தொண்டை கிழியக் கத்தினார். என் பின்னாலேயே ஓடி வந்திருந்த பத்துமலை அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, "வேணாண்டா, மானம் இருட்டிருச்சு, நெழலு விழுந்த கணக்குத்தான்" என்று புலம்பினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடித்தே இருப்பேன்.

பொந்து கறுப்பாக, வாயை மூடிக்கொண்டு இருந்தது. மேனேஜர் மெதுவாகச் சொன்னார்: "ஆள் இருந்தால் சத்தம் வந்திருக்கும் தானே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வராது. அவர் அங்கே இருந்தால்தான் வராது. மகன் குரலில் கூப்பிட்டாலும், சாமியே வந்து கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே என்று ஒரு லயத்துக்கே விளக்குமாற்றால் பாடம் நடத்தியவர் அவர். கீழே நின்று சொந்தக் குரலில் கூப்பிட்டால் யார் வந்திருக்கிறார்கள் என்று அவருக்கு அர்த்தம்? கத்தி வைத்திருப்பவன். நாங்கள் கூப்பிடக் கூப்பிட அவர் இன்னும் உள்ளே நகர்ந்து போவார்.

"சார், கொஞ்சம் இருங்க. கொஞ்சம் இருங்க சார், வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு லயத்துக்கு ஓடினேன். ஆளில்லாத லயம் அது. கதவெல்லாம் திறந்து கிடந்தது. எங்கள் வாசல் வாளியைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். வழியில் விழுந்து முழங்கால் கிழிந்தது பிற்பாடுதான் தெரிந்தது.

பாறைக்குக் கீழே நின்று, ஒரு கல்லை எடுத்து மூன்று தட்டு தட்டினேன். ஏழு வருஷமாக உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே தட்டிய தட்டு. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பதில் இல்லை.

மறுபடியும் தட்டினேன். காற்று எழும்பி ஆலமர இலையெல்லாம் திரும்பியது. கிழக்கே வானம் ஒரு தரம் பளிச்சென்று, கொஞ்ச நேரம் கழித்து உறுமியது. மேனேஜர் மணிக்கட்டைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், அப்புறம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். மூன்றாவது முறையும் தட்டினேன். காத்திருந்தேன். எதிரொலி வந்து அடங்கி, அதற்கப்புறமும் வெகுநேரம் ஒன்றுமே இல்லை. கை சோர்ந்து வாளியைக் கீழே வைத்தேன். அத்தை, உங்களைச் சாகவிட்டுவிட்டு நான் உங்கள் மகனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவேன் என்றுதான் மனசுக்குள் ஓடியது.

அப்போது வந்தது. டொக். டொக். டொக்.

தகரச் சத்தம் இல்லை, கல்லில் கல் படும் சத்தம். அவசரமில்லாமல், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி விட்டு. எல்லோரும் கேட்டோம். பத்துமலை அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. "வயரைக் கழட்டுங்கோ! ஏணியை நிமித்துங்கோ!" என்று கத்தினார்.

அர்ச்சுனன் ஏறினார். ஏணியின் இரண்டு பக்கமும் துளைகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர் தொங்கியது. மின்னல் விட்டு விட்டு அடித்தது. மாமியாருக்காகப் புருஷனைத் தூக்கிக் கொடுத்துவிட்டேனோ என்ற பயம் என்னைப் பிடித்து ஆட்டியது. அவர் பொந்துக்குள் போய் மறைந்தார். பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் வெளியே வந்தார். அவர் முதுகில், புடவைத் தலைப்பால் பிள்ளையைக் கட்டுவது போலக் கட்டி, மாமியார்.

கீழே இறங்கியதும் மாமியார் யாரையும் பார்க்கவில்லை. என்னைக்கூட. கொட்டகைக்குத் தாங்கலாகக் கூட்டிப்போனோம். சங்கு ஊதியது. வயரைத் திரும்ப மாட்டியதும் மேனேஜர் வெடிப் பெட்டியின் பிடியை அழுத்தினார். பாறை முதலில் ஒன்றுமே நடக்காதது போல நின்றது. பிறகு அதன் முகம் முழுவதும் மெதுவாகக் கீழே இறங்கியது. பொந்து இருந்த இடம், முனி, ஆலமரம், சிலிப்பர், வெற்றிலைப் பை எல்லாம் புழுதிக்குள் போயிற்று. அதன்மேல் மழை கொட்டியது.

லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு வீட்டில் ஓடு விழுந்ததோடு சரி. வீட்டுக்கு வந்து மாமியாரின் தலையைத் துவட்டிவிட்டேன். கோப்பி போட்டுக் கொடுத்தேன். வாளியைத் தூணிலேயே பழையபடி மாட்டினேன். எனக்குப் பேசாமல் இருக்க முடியாது. அன்றைக்குப் பெருமை வேறு. சொன்னேன்:

"நல்லவேள அத்தை, பதில் தட்டுனீங்க. நீங்க மட்டும் தட்டாம இருந்திருந்தா அந்த மனுசன் அமுக்கியிருப்பாரு."

மாமியார் கோப்பியைக் கீழே வைத்தார்.

"நான் எங்க தட்டுனேன்?"

"தட்டுனீங்களே. எல்லாரும் கேட்டோமே."

"நீ மொதத் தடவ தட்டுனப்பவே எனக்குக் கேட்டுருச்சு. உன் தட்டுன்னும் தெரியும். தப்பித் தவறித் தட்டிறக் கூடாதுன்னுதான் ரெண்டு கையயும் முந்தானைல சுத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். எறங்கறதுக்கா ஏறுனேன் நானு?"

நான் அர்ச்சுனனைப் பார்த்தேன். இல்லை என்று அவர் சொல்லவேண்டும் என்று என் உடம்பு முழுக்க வேண்டிக்கொண்டது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கை ரெண்டும் சுத்தி முடிச்சுப் போட்டிருந்துச்சு. பல்லால இழுத்து முடிஞ்ச முடிச்சு. நான்தான் அவுத்தேன். குளுருல அப்படிப் பண்ணியிருக்குன்னு நெனச்சேன்."

ஓட்டின்மேல் மழை இரைந்தது. "அப்ப யாரு அத்தை தட்டுனது?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"உங்க மாமாதான்."

மாமியார் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, மார்க்கெட்டில் நடந்த ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார்.

"காட்டிக்குடுத்தது கங்காணியும் இல்ல, கடைக்காரனும் இல்ல. நான் வாளிக்குள்ள சோத்த வெச்சுக் கொண்டு போவேன். கீழ நின்னு மூணு தட்டு தட்டுனா அவரு பதில் தட்டிட்டு எறங்கி வருவாரு. ஜப்பான்காரன் பின்னாலயே வந்துட்டான். கத்தியக் கழுத்துல வெச்சான், தட்டுன்னான். இவன் வயித்துல. தட்டுனேன். பதில் தட்டுனாரு. எறங்கி வந்து என்னையப் பாத்தாரு, அவனுங்களப் பாத்தாரு. 'நீ சாப்பிட்டியா'ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். கூட்டிட்டுப் போயிட்டானுங்க."

அர்ச்சுனன் எழுந்து அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முப்பத்து நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவருக்கு இது தெரியாது.

"சயாம்ல செத்தவரு இங்கதான் வந்து இருக்காருன்னு எனக்குத் தெரியும். இன்னைக்குப் பொந்து போவுதுன்ன. அன்னைக்குத் தனியா அனுப்புனேன், இன்னைக்காச்சும் கூடப் போலாம்னு ஏறுனேன். உள்ள உக்காந்துக்கிட்டு அவருகிட்டச் சொன்னேன், யாரு கூப்பிட்டாலும் நாம பதில் சொல்ல வேணாம்னு. மொத ரெண்டு தடவ கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு." மாமியார் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டில் முடிச்சின் தடம் சிவப்பாக இருந்தது. "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன். அவருக்கு மட்டும் ஏறல. வாளிச் சத்தம் கேட்டா அவருக்குத் தட்டாம இருக்கத் தெரியாதுடி."

உள்ளே எழுந்தது பயமா, துக்கமா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை. இரண்டும்தான்.

மழை விட்டது. பாறை போன இடத்திலிருந்து, அந்த லயம் கட்டிய நாளிலிருந்து வராத ஒரு வெளிச்சம் எங்கள் வாசலில் விழுந்தது. பக்கத்து வீட்டில் மூன்று தட்டு கேட்டது. வீரம்மாக்கா வீட்டிலிருந்து பதில் தட்டினார்கள். வரிசையாக ஒவ்வொரு வீடும், எல்லோரும் பத்திரமா என்று கேட்டுக்கொண்டே வந்தது. எங்கள் முறை வந்தது. நான் எழுந்து தூணருகே போய்க் கையை ஓங்கினேன்.

மாமியார் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் செல்லாயி," என்றார். "அவரு பதில் தட்டிருவாரு."